ஃபாண்டன்ட்டை நாக்கால் தேர்ந்தெடுங்கள்

(கோவையில், வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர்களுக்கான பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் அச்சு வடிவம்)



பிறந்தநாள் விழாவோ கல்யாண வரவேற்போ, ஃபாண்டன்ட் போர்த்திய கேக்கை வெட்டிக் கொடுத்த பிறகு, திரும்பி வரும் தட்டுகளைப் பாருங்கள். கேக் காலியாகியிருக்கும். கிரீம் காலியாகியிருக்கும். மேலே போர்த்தியிருந்த வண்ணத் தோல் மட்டும் உரித்தெடுக்கப்பட்டு ஓரத்தில் கிடக்கும். நாம் இரவு முழுக்கக் கண்விழித்துச் செய்தது அதைத்தான். அதிகக் கூலி வாங்கியதும் அதற்குத்தான். அதை யாரும் சாப்பிடவில்லை.

நம் தொழிலில் பலர் இதை இயல்பென்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். "ஃபாண்டன்ட் பார்க்கறதுக்குத்தான், சாப்பிடறதுக்கு இல்லை" என்று வகுப்பெடுப்பவர்களே சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கேக்கின் மேல் ஏறிய எதுவும் உணவுதான்; உணவென்றால் அது ருசியாக இருந்தாக வேண்டும். ருசியான ஃபாண்டன்ட் கிடைக்கிறது, வீட்டில் செய்யவும் முடிகிறது. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

சர்க்கரையைப் பிசைந்து உருவம் செய்வது பழைய கலை. 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பொடித்த சர்க்கரையை டிராககாந்த் என்ற பிசினோடும் பன்னீரோடும் பிசைந்து, தட்டும் கோப்பையும் செய்து விருந்து மேசையில் வைத்தார்கள். விருந்து முடிந்ததும் அந்தத் தட்டையும் கோப்பையையும் உடைத்துத் தின்றார்கள். அன்றைக்கு அலங்காரம் வேறு, உணவு வேறு என்று பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ஈரான், துருக்கிப் பக்கத்து முட்செடிகளிலிருந்து எடுக்கும் அதே பிசினை இன்றைக்கும் சில ஃபாண்டன்ட்களில் 413 என்ற சேர்க்கைப்பொருள் எண்ணோடு பார்க்கலாம்.

பார்வைதான் முக்கியம் என்ற எண்ணம் பரவியதில் தொலைக்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் 2006-இல் 'ஏஸ் ஆஃப் கேக்ஸ்', 2009-இல் 'கேக் பாஸ்' என்று நிகழ்ச்சிகள் வந்தன. கார், கோட்டை, டிராகன் எல்லாம் கேக்காக எழுந்து நின்றன. திரைக்கு ருசி தெரியாது. பார்த்தவர்கள் உருவத்தை மட்டும் கற்றுக்கொண்டார்கள். அதே நாட்டில், நியூயார்க்கில், சில்வியா வைன்ஸ்டாக் என்ற அம்மையார் இருந்தார்; 2021-இல் காலமானார். சர்க்கரையில் பூ செய்வதில் அவருக்கு இணை சொல்வது கடினம். ஆனால் கேக்கை மூடுவதற்கு அவர் நாடியது பட்டர்கிரீமைத்தான். ஃபாண்டன்ட் போர்வை அவருக்குப் பிடிக்காது. 2018-இல் இங்கிலாந்து இளவரசர் ஹாரியின் திருமணத்துக்கு க்ளேர் டாக் செய்த எலுமிச்சை, எல்டர்ஃப்ளவர் கேக்கிலும் பட்டர்கிரீமும் புதுப்பூக்களும்தான். உலகமே பார்த்த ஒரு கல்யாணம் ஃபாண்டன்ட் இல்லாமல் நடந்திருக்கிறது என்றால், ஃபாண்டன்ட் நம் கேக்கில் ஏற வேண்டுமானால் அதற்குத் தகுதி இருக்க வேண்டும் என்று நாம் கேட்பதில் தவறில்லை.

சரி, அந்தத் தகுதியை எங்கே தேடுவது? பொட்டலத்தின் பின்பக்கத்தில். ஃபாண்டன்ட்டில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. மிச்சம் இருக்கும் ஒரு பங்கில் குளுக்கோஸ் சிரப், கொழுப்பு, ஜெலட்டின் அல்லது பிசின், கிளிசரின், வாசனை, கெடாமல் காக்கும் பொருள், தண்ணீர். சர்க்கரை எல்லாவற்றிலும் ஒன்றுதான். ருசியில் ஒரு ஃபாண்டன்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்த ஒரு பங்குக்குள்தான் இருக்கிறது. சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதனால் எது எவ்வளவு என்று ஓரளவு கணிக்க முடியும்.

அந்த வரிசையில் நான் முதலில் தேடுவது கொழுப்பை. மலிவான ஃபாண்டன்ட்களில் 'தாவரக் கொழுப்பு' என்று போட்டிருக்கும். பெரும்பாலும் பாமாயிலை இறுக வைத்தது. அது வெயிலுக்குத் தாங்க வேண்டும் என்பதற்காகவே உருகுநிலையை உயர்த்தியிருப்பார்கள். நம் வாயின் சூடு ஏறத்தாழ 37 டிகிரி. அதற்கும் மேலே உருகும் கொழுப்பு வாய்க்குள் கரையாது. அண்ணத்தில் மெழுகுபோல ஒட்டிக்கொண்டு நிற்கும். சர்க்கரை கரைந்து போய்விடும், கொழுப்பு மட்டும் மிஞ்சும். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: நெய்யில் செய்த மைசூர்பாகுக்கும் டால்டாவில் செய்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. 2022 ஜனவரியிலிருந்து நம் நாட்டில் கொழுப்பிலும் எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு கட்டியிருக்கிறது. உடலுக்கு அது நல்லது. நாக்கில் ஒட்டும் குணத்தை அந்த விதி மாற்றிவிடாது.

கோக்கோ வெண்ணெய் சேர்த்த ஃபாண்டன்ட் என்றால் கதையே வேறு. கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். வாயில் போட்டதும் இளகி, சர்க்கரையோடு சேர்ந்து இறங்கிவிடும். பின்னால் ஒரு சுத்தமான உணர்வு மிஞ்சும். சேர்மானப் பட்டியலில் கோக்கோ வெண்ணெய் என்றோ வெள்ளைச் சாக்லேட் என்றோ இருந்தால், விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதை எடுத்துப் பாருங்கள் என்பேன். குறை இருக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் கை வைத்தாலே குழையும். ஏசி அறை இல்லாமல் வேலை நடக்காது. கையாளக் கஷ்டம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நம் வசதியும் சாப்பிடுகிறவர் சுகமும் மோதும் இடத்தில் சாப்பிடுகிறவர் பக்கம் நிற்பதுதான் சமையல் தொழில்.

அடுத்தது, அதைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள். ஜெலட்டினும் உடல் சூட்டிலேயே இளகும். அதனால் ஜெலட்டின் போட்ட ஃபாண்டன்ட் இரண்டு மூன்று மெல்லலில் கரைந்துவிடும். ஆனால் ஜெலட்டின் மிருகத்திலிருந்து வருவது. சைவம் சாப்பிடும் வீடுகளுக்குக் கேக் போகிறது என்றால் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை. முஸ்லிம் வீடுகளுக்கு ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெலட்டின் இருந்தால், அவர்கள் கேட்காமலேயே நாம் சொல்லிவிட வேண்டும். சைவ ஃபாண்டன்ட்களில் சிஎம்சி, டிராககாந்த் போன்ற பிசின் வகைகள் இருக்கும். அளவோடு இருந்தால் நன்றாகவே இருக்கும். அளவு மீறினால் இழுத்து இழுத்து மெல்ல வேண்டிவரும். ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடல்பாசி ஒருமுறை உறைந்துவிட்டால் 85 டிகிரி வாக்கில்தான் மறுபடி உருகும். வாய்க்குள் அது கரையவே கரையாது. எனக்கு அதில் திருப்தி இல்லை.

இங்கே நம்மவர்கள் பழகிவிட்ட ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஃபாண்டன்ட் குழைகிறது என்றவுடன், இறுக வைக்கும் டைலோஸ் பவுடரை அள்ளிப் போட்டுப் பிசைகிறார்கள். பொம்மைக்கும் பூவுக்கும் டைலோஸ் சரி, அவை நிமிர்ந்து நிற்க வேண்டும். கேக்கைப் போர்த்தும் தகட்டில் டைலோஸ் போட்டால் மறுநாள் அது கடினமான ஓடாகிவிடும். நல்ல ருசியுள்ள ஃபாண்டன்ட்டை வாங்கி வந்து நாமே கெடுக்கும் வேலை அது.

சர்க்கரை எவ்வளவு நைசாக இருக்கிறது என்பதும் முக்கியம். முப்பது மைக்ரானுக்கு மேற்பட்ட துகள் என்றால் நாக்குக்கு மணல்போலத் தட்டுப்படும். வீட்டு மிக்ஸியில் பொடித்த சர்க்கரை அந்த அளவுக்கு நைசாகாது. ஃபாண்டன்ட் செய்ய கடையில் வாங்கும் ஐசிங் சுகர்தான் தேவை, அதையும் சலித்துத்தான் போட வேண்டும். அதில் கட்டி சேராமலிருக்கக் கொஞ்சம் சோளமாவு கலந்திருப்பார்கள். தேய்க்கும்போது ஒட்டாமலிருக்க நாம் மேலும் சோளமாவு தூவுகிறோம். போர்த்தி முடித்தபின் அந்த மாவை மென்மையான தூரிகையால் தட்டிவிடாமல் விட்டால், முதல் கடியிலேயே பச்சைமாவு வாடை அடிக்கும். காற்றில் ஈரம் குறைந்த நாட்களில் ஐசிங் சுகரே தூவிக்கொள்ளுங்கள். கிளிசரினைப் பற்றி ஒரே வார்த்தை: காயாமல் வைத்திருக்கும், அதிகமானால் தொண்டையில் ஒரு வெதுவெதுப்பான பின்சுவை விடும்.

வாசனைக்கு வருவோம். தித்திப்பைக் குறைக்கச் சர்க்கரையைக் குறைக்க முடியாது. சர்க்கரைதான் அங்கே சுவரும் தூணும். திகட்டலைக் குறைக்கத்தான் முடியும். அதற்கு உப்பு வேண்டும், துளி புளிப்பு வேண்டும், இல்லாவிட்டால் கோக்கோவின் கசப்பு வேண்டும். ஒரு கிலோ வெள்ளை ஃபாண்டன்ட்டில் 2 கிராம் நைஸ் உப்பும், அரை எலுமிச்சையின் தோலைத் துருவியதும் சேர்த்துப் பிசைந்து பாருங்கள். அதே ஃபாண்டன்ட்தானா என்று கேட்பீர்கள். செயற்கை வெனிலா நெடியை மறைக்க இன்னும் கொஞ்சம் வெனிலா ஊற்றுவது உதவாது. ஏலக்காய் நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் பொடியாகப் போட்டால் வெள்ளையில் புள்ளி தெரியும், எசென்ஸாகப் போடுங்கள். பன்னீர் மிகவும் பொருந்தும். அது தண்ணீர் என்பதால் சில துளிகளுக்கு மேல் போனால் ஃபாண்டன்ட் பிசுபிசுக்கும்.

வீட்டில் செய்ய விரும்புகிறவர்களுக்கு ஓர் அளவு சொல்கிறேன். 10 கிராம் ஜெலட்டினை 60 மில்லி தண்ணீரில் ஊறவைத்து, பாத்திரத்தைச் சுடுநீரில் வைத்துக் கரையுங்கள். அதில் 120 மில்லி குளுக்கோஸ் சிரப், 15 மில்லி கிளிசரின், 30 கிராம் வெண்ணெய் சேர்த்து உருக்கி, இறக்கி, வெதுவெதுப்பாக ஆறியதும் சலித்த ஐசிங் சுகர் ஒரு கிலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பிசையுங்கள். உப்பும் வாசனையும் கடைசியில். முழுச் சர்க்கரையும் பிடிக்காது போனால் நிறுத்திவிடுங்கள். மழைநாளில் இன்னும் கொஞ்சம் கேட்கும். இறுக்கமான உறையில் சுற்றி ஓர் இரவு வெளியிலேயே வைத்துவிட்டு மறுநாள் தேய்க்கலாம். வெண்ணெய் போட்டதால் நிறம் பால்வெள்ளையாக வராது, இளமஞ்சள் சாயும். அதைக் குறையென்று நினைக்காதீர்கள். பளிச்சென்ற வெள்ளைக்காகப் பல பொட்டலங்களில் டைட்டானியம் டையாக்ஸைடு, அதாவது 171, சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அதை உணவிலிருந்தே விலக்கிவிட்டது. அங்கே மணப்பெண்ணின் கேக் கொஞ்சம் தந்தநிறமாக இருப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. மார்ஷ்மெல்லோவை உருக்கிச் செய்வதும் ருசிக்கு நல்லதுதான், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஈரக்காற்றில் அது கிழிந்துவிடும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். யார் சிபாரிசு செய்தாலும் சரி, எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சரி, சாப்பிட்டுப் பார்க்காமல் ஐந்து கிலோ டப்பா வாங்காதீர்கள். சிறு பொட்டலங்களாக நாலைந்து வகை வாங்குங்கள். பொட்டலத்திலிருந்து கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல. நம் வாடிக்கையாளர் அப்படிச் சாப்பிடப் போவதில்லை. ஒரே வெனிலா கேக்கை, ஒரே கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் கலந்த பூச்சு) பூசி, ஒவ்வொரு வகையையும் 3 மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்துப் போர்த்துங்கள். ஓர் இரவு வைத்திருங்கள்; அந்த இரவில் ஃபாண்டன்ட் கனாஷின் ஈரத்தை வாங்கி இளகும் அல்லது இறுகும், உண்மை குணம் அப்போதுதான் தெரியும். மறுநாள் வெட்டி, பெயர் சொல்லாமல் அ, ஆ, இ என்று எழுதி வைத்து, வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கொடுங்கள். தித்திப்புப் பிரியர்களுக்கு மட்டும் கொடுக்காதீர்கள். டீயில் அரைச்சர்க்கரை போடச் சொல்லும் மாமாவுக்குக் கொடுங்கள், பாட்டிக்குக் கொடுங்கள், ஆறு வயதுப் பிள்ளைக்குக் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நம் மக்கள் முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். எந்தத் துண்டில் தோல் உரிந்து மிஞ்சியது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்லது கிடைத்த பிறகும் கனம் ருசியைத் தீர்மானிக்கும். ஒரு கணக்குப் போடுவோம். 20 சென்டிமீட்டர் விட்டம், 10 சென்டிமீட்டர் உயரமுள்ள வட்டக் கேக்கின் மேற்பரப்பும் பக்கமும் சேர்ந்து சுமார் 940 சதுர சென்டிமீட்டர். 3 மில்லிமீட்டர் கனத்தில் போர்த்தினால் அதன்மேல் நிற்கும் ஃபாண்டன்ட் ஏறத்தாழ 400 கிராம். 25 துண்டு போட்டால் துண்டுக்கு 16 கிராம். பள்ளம் மேட்டை மறைக்க 6 மில்லிமீட்டர் போட்டால் துண்டுக்கு 32 கிராம் வந்துவிடும். அதில் 25 கிராம் வெறும் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராம் வாக்கில் நின்றால் நல்லது என்கிறது. கேக்கையும் கிரீமையும் கணக்கில் சேர்க்காமல், தோலிலேயே அந்த அளவு முடிந்துவிடுகிறது. சாப்பிடுகிறவர் அதை உரித்து வைப்பதில் நியாயம் இருக்கிறது அல்லவா? கனமாகப் போர்த்துவதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கும் பூச்சு சமமாக இல்லாததுதான். கனாஷைக் கூர்மையாகச் சமன் செய்யக் கற்றுக்கொண்டவர் கை தானாகவே மெல்லியதாகத் தேய்க்கும்.

அடியில் என்ன இருக்கிறது என்பதும் ருசியின் பாதி. விப்பிங் கிரீமின் மேல் ஃபாண்டன்ட் போர்த்தினால் ஈரம் ஏறி வழியும். அடியில் கனாஷ்தான் சரி: டார்க் சாக்லேட் இரண்டு பங்குக்குக் கிரீம் ஒரு பங்கு, வெள்ளைச் சாக்லேட் என்றால் மூன்றுக்கு ஒன்று, கோடையில் சாக்லேட்டை இன்னும் கூட்டிக்கொள்ளலாம். டார்க் கனாஷின் கசப்பு மேலே இருக்கும் தித்திப்பைத் தாங்கிப் பிடிக்கும். இலங்கையில் கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும் செய்யும் ரிச் கேக்கில் இன்னொரு வழி இருக்கிறது. ரவையும் முந்திரியும் பூசணி இனிப்பும் பிராந்தியில் ஊறிய பழங்களும் சேர்ந்த அந்தக் கேக்கின் மேல், பாதாமுக்குப் பதில் முந்திரியை அரைத்துச் சர்க்கரையோடு பிசைந்த தகட்டைப் போர்த்துவார்கள். நாம் தீபாவளிக்கு முந்திரி கட்லி தேய்க்கிறோமே, அந்தக் கைப்பழக்கம் போதும். முந்திரித் தகட்டை அடியில் கொடுத்து, மேலே கண்ணாடிபோல் மெல்லிய ஃபாண்டன்ட் போடலாம். இதைச் செய்து கொடுத்த இடங்களில் தோல் மிஞ்சுவதை நான் பார்த்ததில்லை. முந்திரி இருக்கிறது என்பதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்கள்.

நிறம் பற்றிச் சொல்லாமல் இறங்கக் கூடாது. அடர்சிவப்பும் கறுப்பும் வேண்டும் என்று வெள்ளை ஃபாண்டன்ட்டில் ஜெல் கலரைப் பிழிந்துகொண்டே போனால் கசக்கும். கறுப்பு வேண்டுமானால் சாக்லேட் ஃபாண்டன்ட்டிலிருந்து தொடங்குங்கள், கொஞ்சம் கலரே போதும். முழுக்கேக்கும் ரத்தச் சிவப்பில் வேண்டும் என்பவரிடம், போர்வை வெளிர் நிறத்திலும் சிவப்பு பூவிலும் பட்டையிலும் இருக்கட்டும் என்று பேசிப் பாருங்கள். நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்கள் எட்டுதான். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருப்பது தெரிந்து தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். பெயரில்லாத டப்பாவில் வரும் எந்த நிறமும் நம் மேசைக்கு வரக்கூடாது. தங்கத் தூளில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். 'நச்சற்றது' என்று மட்டும் போட்டிருந்தால் அது தின்பதற்கு ஆனது என்று பொருளாகாது. 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட குழந்தைகள் வாந்தியெடுத்தார்கள். கேக்கில் பூசியிருந்த மினுமினுப்புத் தூளில் இருந்தது செம்பு. தூளின் சேர்மானப் பட்டியல் அச்சிட்டிருக்க வேண்டும், உணவுத்துறை உரிம எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் மினுமினுப்பே வேண்டாம்.

திறந்த பொட்டலத்தைக் காற்றுப் புகாமல் வெளியிலேயே வையுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வியர்க்கும். பழைய பொட்டலத்தைத் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். சிக்கெண்ணெய் வாடை வந்தால் எந்த வெனிலாவாலும் அதை மறைக்க முடியாது, தூக்கி எறியுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஃபாண்டன்ட் ஆர்டர் வரும்போது படத்தை மட்டும் காட்டி விலை பேசாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் ஃபாண்டன்ட்டைப் போர்த்திய ஒரு சிறு துண்டை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள். பக்கத்தில் பட்டர்கிரீம் பூசிய துண்டையும் வையுங்கள். அவர் எதை முழுதாகச் சாப்பிடுகிறாரோ அதில் கேக் செய்யுங்கள். பட்டர்கிரீமைத்தான் தேர்ந்தெடுத்தார் என்றால் ஃபாண்டன்ட்டைப் பூவுக்கும் பொம்மைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு துண்டுக்கு ஆகும் செலவை ஆர்டர் விலையில் சேர்த்துக்கொள்ளத் தயங்க வேண்டாம்.